இரட்டை உதவி: யார் வாங்குகிறார்கள், யார் விடுபடுகிறார்கள்?



வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் வேலை சேறு அள்ளுவது. அடுத்த வேலை போரம் நிரப்புவது. அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெங்குலுவிடம் ஒரு போரம், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் இன்னொரு போரம், கோயில் மண்டபத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், இயக்கத்துப் பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு பட்டியல். எல்லாவற்றிலும் அதே பெயர், அதே ஐசி நம்பர், அதே முகவரி. பிறகு ஒருநாள் கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "பெர்த்திண்டே." ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இனி கிடையாது என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். நம்மில் சிலர் உண்மையிலேயே ஒரே சேதத்துக்கு இரண்டு முறை வாங்குகிறார்கள். இன்னும் பலர் இரண்டு முறை வாங்காமலேயே அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். முதலாவதை நாம் மூடி மறைக்கக் கூடாது. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள்

அந்த மாதம் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் சிலாங்கூர் மூழ்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்மாடி முழுக்கத் தண்ணீர். குடும்பம் குடும்பமாக மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் நம்மவர்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 70,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2021 வெள்ளங்களின் மொத்தச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா 2022 ஜனவரியில் கணக்குச் சொன்னது.

அதற்குப் பிறகு உதவிகள் அறிவிக்கப்பட்டன. தேசியப் பேரிடர் நிர்வகிப்பு நிறுவனமான நட்மா வழியாக 'வாங் இஹ்சான்' என்று ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். சிலாங்கூர் மாநில அரசாங்கத்தின் 'சிலாங்கூர் பங்கிட்' உதவியில் இன்னொரு 1,000. டிசம்பர் 29இல் அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி மேலும் அறிவித்தார்: வீட்டுக்குத் தேவையான அடிப்படைப் பொருள்களுக்கு 2,500 ரிங்கிட் வரை, மின்சாரச் சாதனங்களுக்கு 500, வாகனம் பழுதுபார்க்க 1,000, இடிந்த வீட்டைச் சரிசெய்யவோ புதிதாகக் கட்டவோ தனியாக ஒரு தொகை. எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு 61,000 ரிங்கிட் வரை கிடைக்கலாம் என்று சொல்லப்பட்டது. இவை போக கோயில்கள், சூராவ்கள், தேவாலயங்கள், கம்பெனிகள், இளைஞர் இயக்கங்கள் எல்லாம் லோரி லோரியாகப் பொருள் கொண்டுவந்தார்கள்.

இத்தனை கைகள் ஒரே நேரத்தில் கொடுக்கும்போது சில இடத்தில் இரண்டு முறை விழும், சில இடத்தில் ஒரு முறைகூட விழாது. இது நடக்கத்தான் செய்யும். யார் வீட்டில் இரண்டு முறை விழுகிறது, யார் வீட்டில் விழவே இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு சாலை முனையில் ஆறு மெத்தை

அந்த நாள்களில் நான் ஒரு கோயில் மண்டபத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஆறு மெத்தை வந்து சேர்ந்திருந்தது. அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. வீடு சாலை முனையில் இருந்தது. வந்த லோரி எல்லாம் அங்கேதான் நின்றது, இறக்கியது, படம் எடுத்தது, போய்விட்டது. அதே சாலையின் கடைசி வரிசையில் ஒரு பாட்டி சிமெண்டுத் தரையில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருந்தார். அவருக்கு மெத்தை வர ஒன்பது நாள் ஆனது.

அந்த இரண்டு அதிகப்படியான மெத்தைகளை யாரும் திருடவில்லை. ஆனால் அவை பாட்டியின் மெத்தைகள். இதை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரட்டை உதவியால் அரசாங்கத்துக்கு நட்டம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் முதலில் நட்டப்படுவது வரிசையில் கடைசியில் நிற்பவர். கொடுக்கும் பணத்துக்கும் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவரிடம் இரண்டு முறை போனால் ஒருவருக்குப் போகாது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புறம்போக்கு நிலத்திலும் அடுக்குமாடியின் வாடகை அறையிலும் வாழும் நம் மக்கள்தான் எப்போதும் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே இரட்டை உதவியைத் தடுக்கச் சொல்லி முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இதைப் பெரிய அளவில் உலகமே பார்த்தது. நம் நாட்டில் பினாங்கிலும் கெடாவிலும் அன்று மக்கள் மாண்டார்கள். நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் ஊர் ஊராக அழிந்தது. படகு கொடுத்தால் எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும் என்பதால் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்தன. சில கிராமங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. அதே கரையில் படகே இல்லாத தலித் கூலித் தொழிலாளர்களும், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும் தங்கள் பிழைப்பும் போனது என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

ஒரு முகவரி, இரண்டு அடுப்பு

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். என் பட்டியலில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். இரண்டு பேரும் தொழிற்சாலையில் வேலை. ஒரு தரைவீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தனி அடுப்பு, தனி பிரிட்ஜ், ஆறு மாதக் குழந்தை. எல்லாம் தண்ணீரில் போனது. அவர்கள் போரம் கொண்டுபோன அலுவலகத்தில், "இந்த முகவரிக்குக் கொடுத்தாகிவிட்டது, பெர்த்திண்டே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் குடும்பம் வாங்கிவிட்டதாம்.

இது இரட்டை உதவியா? நம் நாட்டுப் புள்ளிவிவர இலாகாவே குடும்பத்துக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. ஒன்றாக வாழ்ந்து, உணவுக்கும் மற்ற அடிப்படைத் தேவைக்கும் ஒன்றாக ஏற்பாடு செய்துகொள்பவர்களே ஒரு குடும்பம். நம் பேச்சில் சொன்னால், ஒரே உலையில் சோறு வடிப்பவர்கள் ஒரு குடும்பம். இரண்டு உலை இருந்தால் இரண்டு குடும்பம், கதவு எண் ஒன்றாக இருந்தாலும்! மக்கள் கணக்கெடுப்பில் இரண்டாக எண்ணப்படுகிறவர்கள் உதவி கொடுக்கும்போது மட்டும் எப்படி ஒன்றாகிவிடுகிறார்கள்?

வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் விஷயத்திலும் இதே குழப்பம்தான். சுவரும் கதவும் வயரிங்கும் கெட்டது வீட்டுக்காரருக்கு. பிரிட்ஜும் மெத்தையும் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் போனது வாடகைக்காரருக்கு. ஒரே முகவரியில் இரண்டு வேறு சேதம். இரண்டுக்கும் உதவி கொடுத்தால் அது இரட்டை ஆகாது.

துயர் துடைப்பு மையத்துக்குப் போகாமல் அக்கா வீட்டில் தங்கியவர்கள், மேல்மாடியிலேயே மூன்று நாள் கிடந்தவர்கள், சிவப்பு ஐசி வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள், பிறப்புப் பத்திரமே சரியில்லாத பிள்ளைகள் எல்லாரும் இன்னொரு கதை. மையத்துப் பதிவேட்டையும் ஐசி நம்பரையும் மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் இவர்கள் முதல் உதவிக்கே வரமாட்டார்கள். இரண்டாவது உதவியைப் பற்றி இவர்களிடம் என்ன பேச்சு?

மூன்று கேள்வி கேளுங்கள்

யாராவது உங்களிடம் "ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்" என்று சொன்னால் பயப்படாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். மூன்று கேள்வியை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: முன்பு வாங்கியதும் இப்போது கேட்பதும் ஒரே குடும்பத்துக்கா?

இரண்டு: இரண்டும் ஒரே சேதத்துக்கா?

மூன்று: இரண்டையும் கூட்டினால் நடந்த சேதத்தைவிட அதிகமாகிறதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால்தான் அது இரட்டை உதவி. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் உங்கள் கோரிக்கை நியாயமானது.

ஓர் உதாரணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாடகை வீட்டில் பிரிட்ஜ் 1,200, வாஷிங் மெஷின் 900, அடுப்பும் சட்டிபானையும் 600, கட்டில் மெத்தை 1,500, டிவி 800, அலமாரியும் சோபாவும் 1,800, பள்ளிச் சாமான் 700, மோட்டார்சைக்கிள் பழுது 1,000, வீடு கழுவிச் சுத்தம் செய்ய 500. மொத்தம் 9,000 ரிங்கிட். அந்தக் குடும்பத்துக்கு மத்திய அரசாங்கம் 1,000, மாநிலம் 1,000, பொருள்களுக்கு 2,500, மின்சாதனத்துக்கு 500, வாகனத்துக்கு 1,000, கோயிலில் 400 வெள்ளி மதிப்புள்ள மெத்தை, எல்லாம் கிடைத்தது என்று வையுங்கள். ஆறு இடம், மொத்தம் 6,400. இன்னும் 2,600 குறைகிறது. ஆறு இடத்தில் வாங்கியும் இதில் இரட்டை உதவி கிடையாது!

இன்னொருவர் மோட்டார்சைக்கிளுக்கு 'சிறப்பு ஆபத்து' காப்புறுதி எடுத்திருந்தார். பழுதுச் செலவு முழுவதையும் காப்புறுதிக் கம்பெனி கொடுத்துவிட்டது. அதே பழுதுக்கு அரசாங்கத்திடமும் 1,000 வாங்கினால்? இரண்டே இடம்தான். ஆனாலும் அதுதான் இரட்டை உதவி. எத்தனை இடத்தில் வாங்கினோம் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எதற்கு வாங்கினோம், எவ்வளவு குறைகிறது என்பதே கணக்கு.

எழுதிவைத்த விதி இருந்தால் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் இதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1988இல் பெயர் பெற்ற ஸ்டாஃபர்ட் சட்டத்தின் 312ஆவது பிரிவு, காப்புறுதியிலோ வேறு திட்டத்திலோ ஈடுகட்டப்பட்ட அதே சேதத்துக்கு மறுபடி அரசாங்க உதவி கிடையாது என்கிறது. கண்டிப்பான விதிதான். ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. வேறு இடத்திலிருந்து வரவேண்டிய பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் முதலில் உதவி கொடுக்கலாம். பிறகு அந்தப் பணம் வந்ததும் திருப்பிக் கட்டுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் போதும். அதாவது முதலில் வயிற்றைப் பார், பிறகு கணக்கைப் பார்!

அங்கேயும் தப்பு நடந்தது. குறைந்த வட்டியில் அரசாங்கக் கடன் தருகிறோம் என்று சொன்னதையே வாங்கிய உதவியாகக் கணக்கில் வைத்து, மானியத்தைக் குறைத்தார்கள். திருப்பிக் கட்டவேண்டிய கடன் எப்படி உதவியாகும் என்று பாதிக்கப்பட்டவர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2016 முதல் 2021 வரை நடந்த பேரிடர்களுக்கு அந்தக் கடன் விதியைத் தளர்த்தினார்கள். நமக்கும் இதில் பாடம் உண்டு. இபிஎஃப் பணத்தை எடுத்துச் சமாளித்தோம் என்றால் அது நம் முதுமைக்கால அரிசி. நகையை அடகு வைத்தோம் என்றால் அது கடன். இவற்றை யாரும் 'ஏற்கெனவே கிடைத்த உதவி' என்று எழுத விடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

உரிமை கேட்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் முதலில் நம் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரே உலையில் சாப்பிடும் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் போரம் போடாதீர்கள். "எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போடுவோம்" என்ற பேச்சு வேண்டாம். ஒரு வீட்டில் பிடிபட்டால் அந்தத் தாமானில் இருக்கிற நம்மவர் அத்தனை பேரின் போரமும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். தண்டனையை அனுபவிப்பது அந்தக் கடைசி வரிசைப் பாட்டி.

தண்ணீர் வடிந்ததும் கழுவுவதற்கு முன்பு ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியட்டும். போலீஸ் புகார் செய்து நகலை வையுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். இடது பக்கம் போனவை, அவற்றின் விலை. வலது பக்கம் கிடைத்தவை: யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி, எதற்காக. கோயிலில் கொடுத்த அரிசி மூட்டையைக்கூட எழுதுங்கள். வாடகை ரசீதும் தண்ணீர், மின்சார பில்லும் ஒரு பிளாஸ்டிக் உறையில் உயரமான இடத்தில் இருக்கட்டும். தனி அடுப்பு என்பதற்கு அவைதான் சாட்சி.

போரத்தில் 'வேறு உதவி பெற்றீர்களா' என்று கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். எதற்குப் பெற்றது, இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உண்மையைச் சொல்லி, மிச்சத்தைக் கேட்பவரை மறுப்பது கஷ்டம்.

நம் கோயில்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். லோரி புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இந்தச் சாலையில் யார் கொடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். ஒரு வட்டாரத்துக்கு ஒரே பட்டியல் வையுங்கள். பேனரில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்ற போட்டியில் எத்தனை மூட்டை ஒரே வாசலில் இறங்கியது! கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து முனை வீட்டுக்கு வாருங்கள். பாதி இரட்டை உதவி அங்கேயே நின்றுபோகும். அதே சமயம் மக்களின் ஐசி நகல்களைக் கண்ட கண்ட கைப்பேசிக் குழுக்களில் போடாதீர்கள். பட்டியல் உதவிக்காகத்தான். ஊர் முழுவதும் சுற்றுவதற்கு அல்ல.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

மாவட்ட அலுவலகமும் மாநிலமும் மத்திய அரசாங்கமும் பார்க்கும் ஒரே பதிவேடு வேண்டும். ஒருவர் ஐந்து முறை ஐந்து போரம் நிரப்புவதால்தான் ஐந்து குழப்பம் வருகிறது. ஒரு முறை எழுதினால் எல்லாத் திட்டத்துக்கும் அது போக வேண்டும்.

குடும்பத்தை அடுப்பை வைத்து எண்ணுங்கள், கதவு எண்ணை வைத்து எண்ணாதீர்கள். வாடகைக்காரருக்குப் பொருள் சேதம், வீட்டுக்காரருக்குக் கட்டடச் சேதம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

மையத்துக்கு வராதவர்களும் பிறகு பதிவு செய்ய வழி வேண்டும். அக்கம்பக்கத்தார் சாட்சியும் சுவரில் நின்ற தண்ணீர்க் கோடும் போதாதா?

மறுத்தால் எழுத்தில் கொடுங்கள். எந்தத் தேதியில், யார் பெயரில், எதற்காக ஏற்கெனவே கொடுக்கப்பட்டது என்று அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். கவுண்டரில் வாயால் சொன்ன "பெர்த்திண்டே"வை எதிர்த்து ஓர் ஏழை எங்கே முறையிடுவார்? கையில் காகிதம் இருந்தால் முறையிடலாம்.

சந்தேகம் இருந்தால் அவசர உதவியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். பெரிய தொகையான வீட்டுப் பழுது, வீடு கட்டும் உதவியில் கண்டிப்பாகச் சோதியுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. 1,000 ரிங்கிட்டுக்காக நனைந்த துணியோடு நிற்பவரிடம் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டாம்.

அந்தத் தம்பதியின் கதையைப் பாதியில் விட்டேன். நாங்கள் அவர்களுடைய வாடகை ரசீதையும், பின்னறையின் படங்களையும், முன்வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம். "அவர்கள் தனிக் குடும்பம், நான் வாங்கியது என் குடும்பத்துக்கு மட்டும்" என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் குழந்தையின் பால்மாவுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்தாயிற்று. ஆனாலும் வந்தது. வீட்டுக்காரர் நேர்மையாக எழுதியதால் வந்தது. திரும்பக் கேட்டதால் வந்தது.

மழைக்காலம் வருடா வருடம் வரும். நோட்டை இன்றைக்கே வாங்கி வையுங்கள். நமக்கு உரியதை ஒரு முறை, முழுமையாக, தலை நிமிர்ந்து வாங்குவோம். அடுத்தவருக்கு உரியது அடுத்தவருக்குப் போய்ச் சேரட்டும்.